மரங்கள் இருக்கட்டும், முதலில் அந்தப் பள்ளம்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் நான்கு வருடங்களாக இருக்கிறோம். இங்கே ஒரு ஏரி இருக்கிறது என்பதற்காகவே இந்த வீட்டை வாங்கினோம். 9 ஏக்கர். கயாக் ஓட்டுவது, மீன் பிடிப்பது என்று பிள்ளைகளுக்கு அதுதான் உலகம். 1974-ல் கட்டிய மண் அணை. உயரம் 22 அடி என்று பழைய காகிதம் ஒன்றில் இருக்கிறது. ஏரியும் அணையும் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குச் சொந்தம். இந்த வருடம் என்னையும் நிர்வாகக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள்.

அணையின் வெளிச்சரிவு முழுக்கப் பெரிய பைன் மரங்கள். அவற்றை வெட்டலாமா, கூடாதா என்று சங்கத்தில் பெரிய சண்டை. கரையடியில் இரண்டு கார் நிறுத்தும் அளவுக்கு ஓர் இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது, ஆரஞ்சு நிறத்தில் குழம்பு மாதிரி படிகிறது. கரைமேல் நடைபாதையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளமும் விழுந்திருக்கிறது. ஏதாவது விலங்கு தோண்டியிருக்கலாம். மீன் வெளியே போகாமலிருக்க உபரிநீர் வழியில் வலையும், தண்ணீர் நிறைய நிற்க ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே ஆறு வருடங்களுக்கு முன் 11 புது வீடுகள் வந்துவிட்டன. 'ஐம்பது வருடமாக நிற்கிறது, ஒன்றும் ஆகாது' என்கிறார்கள் மூத்த உறுப்பினர்கள். இந்த அணை மாநிலத்தின் கண்காணிப்புக்குள் வராது என்றும் சொல்கிறார்கள். 'ஐம்பது வருடம்' என்பவர்களுக்கு என்ன சொல்வது? நம்மூர்க் கண்மாய்க்கரையில் பனை வரிசையாக நிற்கிறதே என்று என் கணவர் கேட்கிறார். படங்கள் இணைத்திருக்கிறேன். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயம் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். மரங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். பள்ளத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிக்கு உரிய படத்தைத்தான்.

ஏரிக்குள் ஒரு குழாய் நட்டமாக நிற்கிறது அல்லவா, அதன் வாய் வழியாகத்தான் உங்கள் ஏரியின் அன்றாடத் தண்ணீர் உள்ளே விழுந்து, அணைக்கு அடியில் கிடைமட்டமாக ஓடும் இன்னொரு குழாய் வழியாக வெளியே ஓடைக்குப் போகிறது. ஏரிக்குள் நிற்கும் குழாயையும் வெளியே தெரியும் குழாய் வாயையும் ஒரு கயிறு கட்டி இணைத்துப் பாருங்கள். படத்தை வைத்துப் பார்த்தால், உங்கள் பள்ளம் அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே இருக்கிறது. விலங்கு தோண்டியிருந்தால் பக்கத்தில் மண் குவிந்திருக்கும். படத்தில் குவியல் எதுவும் தெரியவில்லை. அப்படியென்றால் அந்த மண் மேலே வரவில்லை, கீழே போயிருக்கிறது.

எங்கே போயிருக்கும்? 1970-களில் இந்தப் பகுதியில் கட்டிய சிறிய அணைகளில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய, நெளிநெளியான இரும்புத் தகட்டுக் குழாயைத்தான் புதைத்தார்கள். மலிவு, எடையும் குறைவு. அதன் ஆயுள் மண்ணையும் தண்ணீரையும் பொறுத்து 25 முதல் 50 வருடம். வடக்கு ஜார்ஜியாவின் செம்மண் அமிலத்தன்மை உள்ளது, இரும்பை அரிக்கும். உங்கள் குழாய்க்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குழாயின் அடிப்பக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அந்த வழியாகக் கரையின் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் விழும். ஓடும் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். வெளியே நிற்பவர் கண்ணுக்கு ஓடை கொஞ்சம் கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே ஒரு பொந்து வளர்ந்துகொண்டே மேலே வரும். கூரை தாங்காமல் இடிந்து விழும் நாளில்தான் கரைமேல் பள்ளம் தெரியும். முழங்கால் ஆழப் பள்ளம் என்பது அந்தப் பொந்தின் மேல்முனை. கீழே எவ்வளவு இருக்கிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். பழைய மரம் ஒன்றின் அடிக்கட்டை மக்கிப் பள்ளமாகியிருக்கலாம். விலங்கு தோண்டிய வளைதான் அது, பக்கத்தில் குவிந்த மண்ணை மழை கரைத்துக்கொண்டு போயிருக்கலாம். எது என்பதைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். சாக்கடைக் குழாய்களுக்கு விடுகிற அதே கேமராதான். ஆனால் கேமரா வரும்வரை, மோசமானதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

முதல் வேலையாக, இந்த வாரமே, தண்ணீரைக் குறையுங்கள். மண் அணை விஷயத்தில் உரிமையாளர் கையில் இருக்கும் ஒரே நம்பகமான பிடி தண்ணீரின் மட்டம்தான். மட்டம் இறங்கினால் கசிவை உந்துகிற அழுத்தம் இறங்கும், மழை வந்தால் தாங்க இடமும் கிடைக்கும். 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் காரம் ஆற்றில் புதிதாகக் கட்டிய மண் அணை கசிய ஆரம்பித்தபோது, கீழே இருந்த 18 கிராமத்து மக்களை வெளியேற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு கால்வாயை இயந்திரம் வைத்து வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கசிவை அடைக்கப் போராடிக்கொண்டிருக்காமல் தண்ணீரை வெளியேற்றியதால்தான் அது முடிந்தது.

உங்களுக்குக் கால்வாய் வெட்ட வேண்டிய நிலைமை இல்லை. பலகையை எடுத்தாலே சில அங்குலம் இறங்கிவிடும். அதற்கு மேல் இறக்க, ஏரியின் அடியில் ஒரு வடிகால் வால்வு இருக்கும். அதைத் திறக்கலாமே என்று யாராவது உற்சாகமாகக் கிளம்புவார்கள். வேண்டாம். இருபது முப்பது வருடம் திருகாத வால்வைத் திருகினால் தண்டு முறியும், அல்லது திறந்தபின் மூடாது. அதைவிட, திறந்தால் தண்ணீர் போவது நாம் சந்தேகப்படுகிற அதே குழாய் வழியாகத்தான். நோயாளியின் புண்பட்ட காலில் பாரத்தை ஏற்றுவது போன்றது அது. கரைக்கு மேலாக சைஃபன் குழாய் (தண்ணீரைத் தானே இழுத்துக் கரையைத் தாண்டிக் கீழே விடும் குழாய்) போட்டு இறக்குவதுதான் சரி. 6 அங்குலக் குழாய் இரண்டு மூன்று போட்டால் சில நாட்களில் மூன்று அடி இறக்கிவிடலாம். வெளியே விழும் நீர் கரையடியை அரிக்காதபடி குழாயின் முனையைத் தள்ளி, ஓடைக்கே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

ஒன்று கவனம். ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள். பல வருடம் ஊறிய உள்சரிவுக்கு இவ்வளவு நாள் ஏரித் தண்ணீரே முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த முட்டைச் சட்டென்று எடுத்தால், மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. ஊறிய கனத்தோடு சரிவு வழுக்கி விழும். உங்கள் ஏரியில் ஓர் அடி என்பதே ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் லிட்டர் தண்ணீர்.

பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். புல்வெட்டும் வண்டி கரைமேல் ஏறவே கூடாது. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடவும் வேண்டாம். மூடினால் உள்ளே நடப்பது நிற்காது, நமக்குத் தெரிவதுதான் நின்றுபோகும். ஒரு குச்சியை நட்டு ஆழத்தை அளந்து, காலையும் மாலையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்த வலையும் பலகையும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அதற்கு 14 மைல் மேலே சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, 72 அடி உயரம். அரசு கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டியது, பிறகு பலர் கை மாறி, 1879-ல் செல்வந்தர்கள் மீன் பிடிக்கவும் படகு ஓட்டவும் சேர்ந்த ஒரு கிளப் அதை வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃபிரிக்கும் அதில் உறுப்பினர்கள். அடியில் இருந்த வெளியேற்றும் குழாய்களை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பிடுங்கி விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை. கரைமேல் குதிரைவண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்தார்கள். விலை கொடுத்து விட்ட மீன்கள் தப்பிப் போகாமலிருக்க உபரிநீர் வழியில் கம்பி வலை அடித்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது, அணை போனது. ஜான்ஸ்டவுனிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள்.

உங்கள் சங்கத்தார் நல்லவர்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த கிளப்பில் இருந்தவர்களும் யாரையும் கொல்ல நினைத்தவர்கள் அல்ல. மீன் போகக் கூடாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். நான் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவன். உங்கள் உபரிநீர் வழியை எங்கள் ஊரில் கலுங்கு என்போம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும்போது, தன் வயலுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று யாராவது கலுங்கில் கல்லடுக்கி மண்வைத்து அணைப்பார்கள். அடுத்த ஊர்க்காரர்களும் கீழ்க்கண்மாய்க்காரர்களும் வந்து சண்டை பிடித்து எடுக்கவைப்பார்கள். அடிதடி வரை போனதுண்டு. சின்ன வயதில் அது ஊர்ப் பகை என்று நினைத்தேன். பொறியியல் படித்த பிறகுதான் தெரிந்தது, கலுங்கை அடைப்பது என்றால் கரையை உடைக்க ஏற்பாடு செய்வது என்று பொருள், அந்தப் பெரியவர்கள் அதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள் என்று.

மண் அணையின் மேல் தண்ணீர் வழிந்து ஓடவே கூடாது. கான்கிரீட் அணை சில மணி நேரம் தாங்கும். மண் கரை அப்படித் தாங்காது. வெளிச்சரிவில் ஒரு வாய்க்கால் விழுந்து, அது பின்னோக்கி அறுத்துக்கொண்டே ஏரிக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் கரையை விடத் தாழ்வாக, ஓரத்தில், கெட்டியான இயல்பு நிலத்தில் ஒரு வழியை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வலை, பலகை, வேலி, அழகுக்கு வைத்த பூச்செடி எதுவும் இருக்கக் கூடாது. புல் மட்டும் இருக்கலாம். மீன் போனால் போகட்டும், சகோதரி. அடுத்த வருடம் குஞ்சு வாங்கி விடலாம்.

கரையடியில் ஈரமாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். கசியாத மண் அணை உலகத்தில் இல்லை. கசிவு எவ்வளவு, தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா, மாறுகிறதா என்பவைதான் கேள்விகள். ஆரஞ்சுக் குழம்பைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது மண் அல்ல. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு வெளிக்காற்று படும்போது, அதை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அப்படியொரு கொழகொழப்பை உண்டாக்கும். ஜார்ஜியாவின் செம்மண்ணில் இது சகஜம். அதனால் தனியாக ஆபத்தில்லை.

ஆனால் நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் கசியும் நீரைப் பிடித்து, குலுக்காமல் ஒரு நாள் ஜன்னலோரம் வையுங்கள். அடியில் பஞ்சு மாதிரி லேசாகப் படிந்தால் இரும்பு. விரலால் தேய்த்தால் நறநறவென்று மணலோ வண்டலோ படிந்தால், உங்கள் அணை தன் உடம்பை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படிப் படிந்தால் அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

அளவையும் எடுங்கள். கசிவுநீர் சேர்ந்து ஓடும் இடத்தில் சின்னக் குழாய்த் துண்டைப் பதித்து, ஐந்து கேலன் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 கேலன். வாரம் ஒருமுறை அதையும், அன்றைக்கு ஏரியின் மட்டத்தையும், அந்த வாரத்து மழையையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மழைக்குப் பிறகு கூடிக் குறைந்தால் பெரிய கவலையில்லை. ஏரி மட்டம் மாறாமல், மழையும் இல்லாமல் கசிவு மட்டும் கூடினால் கவலைப்பட வேண்டும். நான் பார்த்த குடியிருப்பு ஏரி ஒன்றில், ஓய்வுபெற்ற ஒரு முதியவர் ஒன்பது வருடம் இப்படி எழுதி வைத்திருந்தார். வேறு எந்த வரைபடமும் ஆவணமும் அங்கே இல்லை. அந்த நோட்டை வைத்துத்தான் எந்த மாதத்தில் நிலைமை மாறியது என்று கண்டுபிடித்தோம். கருவிகள் வைத்திருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

ஈரத்தின் மேல் களிமண்ணைக் கொட்டி அடைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே தேங்கும் நீர் கரையை ஊறவைத்து வேறு வழியைத் தேடும். தண்ணீரை வெளியே விட வேண்டும், மண்ணை மட்டும் பிடித்து வைக்க வேண்டும். அதற்குத் தகுந்த அளவு மணலும், அதன்மேல் சரளையும் அடுக்கடுக்காகப் போடுவது வழக்கம். மண்ணின் துகளுக்கு ஏற்ற மணல் எது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மண் பொறியியலின் தந்தை என்று சொல்லப்படும் கார்ல் டெர்சாகி போட்ட கணக்கு. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு மணலைக் கொட்டுவது அதற்கு ஈடாகாது.

சரி, மரங்கள். சங்கத்தில் இரண்டு கட்சியும் பாதி சரி. மண் அணைமேல் மரம் இருக்கக் கூடாது. வேர் உயிரோடிருக்கும்வரை மண்ணைப் பிளக்கும். செத்தால் மக்கி, தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுக்கும். புயலில் பைன் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு பெரிய மண் உருண்டையையும் பிடுங்கிக்கொண்டு போகும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஜார்ஜியாவில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மரம் அடர்ந்திருந்தால் கரையைப் பார்வையிடவும் முடியாது, வளை தோண்டும் விலங்குகளும் மறைவில் குடியேறும்.

அதற்காக நாளைக்கே ரம்பத்தோடு இறங்கக் கூடாது. பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டால், அடுத்த ஐந்து பத்து வருடங்களில் வேர் மக்கிப் பிரச்சினையைப் பின்னால் தள்ளிவைத்ததாக ஆகும். வேரோடு தோண்டினால் நிறைந்த ஏரிக்குக் கீழே கரையில் குழி பறிப்பதாக ஆகும். ஏரியை இறக்கி, பொறியாளர் மேற்பார்வையில், வேரை எடுத்த குழியை அடுக்கடுக்காக மண்போட்டு இறுக்கி, தேவையான இடத்தில் மணல் வடிகட்டி வைத்து மூட வேண்டும். அதனால் மரவேலையையும் குழாய்வேலையையும் ஒரே திட்டமாகச் செய்யுங்கள். இப்போதைக்குப் புதர்களையும் கைப்பிடிக்குள் அடங்கும் கன்றுகளையும் மட்டும் தரைமட்டமாக வெட்டிவிட்டுப் புல் வளரவிடுங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

நம்மூர்க் கண்மாய்க்கரையில் வரிசையாகப் பனை நிற்கிறதே, அது மட்டும் எப்படி என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. பனைக்கு ஆணிவேர் பருத்துப் போகும் வழக்கம் இல்லை. கற்றை கற்றையாக நார்வேர்தான். பைனும் ஓக்கும் போல வேர் வருடா வருடம் தடிப்பதில்லை. அதோடு அந்தக் கரைகள் அகலம் அதிகம், ஊரே அவற்றின்மேல் தினமும் நடந்தது. அதை வைத்து இங்கே நிற்கும் பைனுக்கு வாதாட முடியாது.

மாநிலக் கண்காணிப்புக்குள் வராது என்கிறார்கள் என்றீர்கள். ஜார்ஜியா சட்டப்படி 25 அடி உயரம், அல்லது 100 ஏக்கர்-அடி கொள்ளளவு (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி), இரண்டில் ஒன்றைத் தொட்டாலே அணை கணக்குக்குள் வரும். ஏரி கிண்ணம் போல ஓரத்தில் ஆழம் குறைந்திருப்பதால், உயரத்தையும் பரப்பையும் பெருக்கி அதில் ஏறத்தாழ நாற்பது சதவீதம்தான் எடுப்பார்கள். 22 அடி, 9 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 80 ஏக்கர்-அடிதான் வருகிறது, வெளியே என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கொள்ளளவை அன்றாட மட்டத்தில் அளப்பதில்லை. அணை பிடிக்கக்கூடிய உச்ச மட்டத்தில் அளக்க வேண்டும். அங்கே ஏரி 9 ஏக்கரைவிட விரிந்திருக்கும். 11 ஏக்கராக விரிந்தாலே கணக்கு நூறை நெருங்கிவிடுகிறது. உயரமும் பழைய காகிதத்தில் இருப்பது. யார் எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று தெரியாது. நில அளவையாளரை வைத்து இரண்டையும் புதிதாக அளந்துவிடுங்கள். கரையின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்பதும் அதே அளவையில் தெரிந்துவிடும். தொய்வு இருந்தால் வெள்ளம் அந்த இடத்தில்தான் முதலில் ஏறும்.

கணக்குக்குள் வந்தால், உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடுமா என்று பார்த்து வகைப்படுத்துவார்கள். நேரக்கூடும் என்றால் முதல் வகை. 1974-ல் கீழே காடு. இன்றைக்கு 11 வீடுகள். அணையில் ஒரு கல்கூட மாறாமல் அதன் ஆபத்து வகை மாறிவிட்டது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவில் சேஃப் டேம்ஸ் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. நீங்களாகவே போய்ச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஒருவேளை அளந்த பிறகும் 98 ஏக்கர்-அடிதான், சட்டம் தொடாது என்று வந்தாலும், அந்த 11 வீட்டுக்கும் வரப்போகிற தண்ணீரில் எந்த வித்தியாசமும் இல்லை. 80 ஏக்கர்-அடி என்பதையே சென்னைத் தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் லாரி எட்டாயிரத்துக்கும் மேல். அது முழுக்க ஒரு மணி நேரத்துக்குள் ஓடை வழியாக வருவதை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய டக்கோவா என்ற ஊரில், ஓர் அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது. உயரம் ஏறத்தாழ 38 அடி, ஏரி 40 ஏக்கர். முதலில் மின்சாரத்துக்காகக் கட்டி, படிப்படியாக உயர்த்தினார்கள். 1957-க்குப் பிறகு மின்சாரம் எடுப்பது நின்றது. ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும் என்றானது. வெளிச்சரிவு மிகச் செங்குத்து, முழுக்க மரங்கள். 1973-ல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே வெளிச்சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. 1977 நவம்பர் 6, கடும் மழை பெய்த இரவு, அதிகாலை 1:30 மணிக்கு அணை உடைந்தது. 186 அடி அருவியின் மேலிருந்து அந்தத் தண்ணீர் கீழே இருந்த பைபிள் கல்லூரியின் விடுதிமேலும் வீடுகள்மேலும் விழுந்தது. 39 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்த குழு ஒற்றைக் காரணம் எதையும் சுட்டவில்லை; செங்குத்துச் சரிவு, கசிவு, வேர்கள் எல்லாம் சேர்ந்து பலவீனப்படுத்தியிருந்தன.

அப்போது அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் இதே ஜார்ஜியாக்காரர். நாடு முழுவதும் ஆபத்தான இடத்தில் இருக்கும் தனியார், மாநில அணைகளைப் பார்வையிட உத்தரவிட்டார். 8,800-க்கும் மேற்பட்ட அணைகளைப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. ஜார்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த வருடமே, 1978-ல் வந்தது. நான் டக்கோவாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அந்த இடத்தில் நின்று மேலே பார்த்தால் அணை இருந்த இடம் கண்ணுக்கே தெரியாது. விடுதியில் தூங்கியவர்களுக்கும் தெரிந்திருக்காது. உங்களுக்குக் கீழே இருக்கும் 11 வீட்டாருக்கும் தங்கள் தலைக்கு மேல் ஓர் ஏரி இருக்கிறது என்பது தெரியுமா? ஏரியை அனுபவிப்பவர்கள் நீங்கள். சங்கத்தில் வாக்கு இருப்பதும் உங்களுக்கு மட்டுமே. அந்த வீட்டாருக்கு ஏரியில் பங்கும் இல்லை, கூட்டத்தில் குரலும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த விஷயம் இதுதான்.

அதனால் செலவே இல்லாத ஒரு வேலையை இந்த வார இறுதியில் செய்யுங்கள். அந்த 11 வீட்டுக் கதவையும் தட்டி, தொலைபேசி எண் வாங்குங்கள். பயமுறுத்த வேண்டாம், 'மேலே ஏரி இருக்கிறது, சரிசெய்யப் போகிறோம், இரவில் அழைத்தால் எடுங்கள்' என்றால் போதும். கசிவுநீர் கலங்கலாகப் பாய்ந்தாலோ, ஏரியில் தண்ணீர் சுழன்று இறங்கினாலோ, பள்ளம் ஒரே நாளில் பெரிதானாலோ, கரைமேல் தண்ணீர் ஏறினாலோ, குழுக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்காமல் முதலில் அவசர உதவி எண் 911, அடுத்த அழைப்பு அந்த வீடுகளுக்கு. ஓடைக்கு மேல் போகும் சாலையை யார் மறிப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி எல்லார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் ஒட்டிவிடுங்கள்.

'ஐம்பது வருடமாக நிற்கிறது' என்ற பேச்சுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஐம்பது வருடம் நின்றது உண்மை. அந்த ஐம்பது வருடத்தில் அது எந்த மழையைப் பார்த்தது என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்துத் தென் கரோலினாவில் 2015 அக்டோபர் மழையில் ஏறத்தாழ 50 சிறிய அணைகள் சில நாட்களுக்குள் உடைந்தன. அவற்றில் பல, உங்களுடையது போலவே குடியிருப்புச் சங்கங்களின் ஏரிகள். அந்த வாரம்வரை அவையும் நின்றுகொண்டுதான் இருந்தன. அப்புறம், அந்த மூத்த உறுப்பினர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். ஏரியைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் அவர்கள். எந்த வருடம் எங்கே தோண்டினார்கள், யார் பலகை வைத்தார்கள், பழைய வரைபடம் யார் பரணில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு ஒருமுறை கரைமேல் மெதுவாக நடந்துவாருங்கள்.

பொறியாளரைத் தேடும்போது ஜார்ஜியாவில் பதிவு பெற்றவரா என்பதோடு, மண் அணை வேலை எத்தனை செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். சாலையும் கட்டடமும் மட்டும் செய்தவர் வேண்டாம். குழாய் கெட்டிருந்தால் அவர் இரண்டு வழி சொல்வார். பழைய குழாய்க்குள் தடித்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளியை சிமென்ட் குழம்பால் நிரப்புவது ஒன்று. கரையை வெட்டிப் புதுக் குழாய் புதைப்பது இன்னொன்று. எதுவானாலும் வெளிமுனையில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றி நீர் ஓடாமலிருக்க நடுநடுவே பட்டை போட்டார்கள். பட்டையை ஒட்டி மண்ணைச் சரியாக இறுக்க முடியாமல் போனதுதான் மிச்சம். வெளியே ஒட்டுப்போட்டு முடித்துவிடலாம் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். செலவைத் தாங்கச் சங்கத்தால் முடியாது என்றால், அணையை முறையாக வெட்டித் தாழ்த்திவிட்டு ஏரியைச் சின்னக் குளமாக்கலாம், அல்லது ஓடையாகவே திரும்ப விட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் சரிசெய்ய வழியில்லாத அணையை நிறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு புயலுக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் சங்கத்தின் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். அணை உடைவு அதில் சேருமா, விலக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டால், கூட்டத்தில் பணம் பற்றிய பேச்சு உண்மையான இடத்திலிருந்து ஆரம்பிக்கும்.

நாளைக் காலை பலகையையும் வலையையும் எடுத்துவிட்டு, பள்ளத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒரு நாள் கழித்து அடியில் என்ன படிந்தது என்பதையும் எடுத்து இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். கேமரா பார்த்தவர்கள் தரும் அறிக்கை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். அதையும் அனுப்பினால் படித்து, எந்த வரி முக்கியம் என்று கோடிட்டுத் தருகிறேன்.